அண்ணன் பிடித்து இழுத்த துண்டு

அண்ணனுடைய முதல் வருடத் திதிக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையில் இந்தச் சிறு மலரையும் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது.

மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, குடும்பத்தில் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கத்தான் செய்தார்கள். அண்ணிதான் வேண்டாம் என்றார். "அவங்க எழுதினா நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுல உங்க அண்ணன் இருக்கமாட்டார். நீ பேசுற மாதிரியே எழுது, போதும்" என்றார். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மளிகைச் சாமான் கட்டி வரும் பேப்பரைப் பிரித்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துக் காட்ட, அப்படி எழுத்துக் கூட்டியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். அப்பா கப்பலில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து இரண்டு வருடத்தில் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அண்ணனுக்கு இருபது, எனக்குப் பன்னிரண்டு. இருவரும் கெர்பாவ் ரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் குடியேறினோம். மில் ஓடினால் எங்கள் தட்டில் இருக்கும் சோறும் ஆடும். "சும்மா இருக்கிற வீட்டுல எனக்குச் சாப்பாடு இறங்காது" என்று அண்ணன் பிற்பாடும் சொல்வார்.

ஐஸ்கட்டி சுமந்தார். சலவைக்காரருக்கு மூட்டை தூக்கினார். பிறகு பழைய காலாங் விமான நிலையத்தில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. ஒருநாள் பெட்டி இறக்கும் கூட்டத்தில் ஆள் குறைந்தது. "புல்லை விட்டுட்டு இங்க வா" என்று யாரோ கூப்பிட்டார்கள். போனவர் திரும்பவே இல்லை. விமான நிலையம் பாய லேபாருக்கு மாறியபோது அண்ணன் ஆறு பேர் கொண்ட கூட்டத்துக்கு மண்டோராக, அதாவது அவர்களை மேய்க்கும் தலைவராகப் போனார். கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொள்வார். அண்ணி அதைத் தினமும் துவைத்துக் காயப்போடுவார்.

அண்ணன் பார்த்த வேலை என்ன என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "பிளேனை ஓட்டுவாரா?" என்றுகூட ஓர் அத்தை கேட்டார். விமானம் இறங்கி ஊர்ந்து வந்து நிற்கிற சிமெண்டுத் திடலில்தான் அவருக்கு வேலை. விமானம் நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பெட்டி இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். புறப்படும்போது கட்டையை உருவ வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் கட்டையை உருவுகிற நேரத்தில் விமானத்தின் விசிறிகள் ஓடத் தொடங்கியிருக்கும். எங்கள் ஆட்கள் அதைக் காத்தாடி என்பார்கள். சக்கரம் இறக்கைக்கு அடியில், காத்தாடிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். கட்டையை உருவியவன் வந்த வழியே பின்பக்கமாகப் போய், இறக்கையின் நுனியைச் சுற்றி வெளியே வர வேண்டும். அந்தப் பக்கம் காற்று அடிக்கும். மண்ணும் புகையும் கண்ணில் அப்பும். முன்பக்கமாக வந்தால் பத்து எட்டில் நிழலுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்தப் பத்து எட்டில் காத்தாடி இருக்கிறது.

அண்ணன் புது ஆட்களுக்குச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "நிக்கிற காத்தாடி கண்ணுக்குத் தெரியும். ஓடுற காத்தாடி தெரியாது, அந்தப் பக்கம் இருக்கிற மரம் தெரியும். மரம் தெரியுதேன்னு நடந்துடாதே." இன்னொன்று: "கத்திக் கூப்பிடுவாங்கன்னு நம்பாதே. அங்க ஒருத்தன் கத்துறது இன்னொருத்தனுக்குக் கேக்காது. அங்க கண்ணுதான் காது."

அவருடைய கூட்டத்தில் யாரும் சட்டையை வெளியே விட்டிருக்கக் கூடாது. தோளில் துண்டு கூடாது. கட்டையை உருவியவன் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். மண்டோர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால், தூரத்தில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தை விட்டு அவர் அசையக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்ததே இல்லை, ஒரு முறையைத் தவிர. அந்த ஒரு முறையும் என்னால்தான் வந்தது.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்தது அண்ணன். மாப்பிள்ளை நல்ல உழைப்பாளி, அப்போது வேலை நிலையில்லாமல் இருந்தார். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம், நான்தான் அண்ணனிடம் போய் நின்றேன். "உங்க கூட்டத்துல ஒரு இடம் இருக்காமே." அண்ணன் கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "மாப்பிள்ளையை வேலை வாங்குறது எப்படிம்மா?" என்றார். நான் சிரித்தேன். அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நம் வீடுகளில் தங்கையின் புருஷனுக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியாததில்லை. அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். முதல் இலை அவருக்கு. அவர் செய்தது தப்பாகவே இருந்தாலும் பெண் வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரருக்குத் தோளில் துண்டு இல்லாமல் வெளியே போகப் பழக்கமில்லை. பெண் எடுத்த வீட்டார் நடுவில் வெறும் தோளோடு நிற்பது அவருக்குக் கௌரவக் குறைவு. முதல் நாளே துண்டோடு திடலுக்குப் போனார்.

அண்ணன் என்ன செய்தார் என்றால், கூட்டத்தில் இருந்த ஹசான் என்ற மலாய்க்காரரைப் பார்த்து, "துண்டு போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று சத்தம் போட்டார். ஹசான் தன் இரண்டு தோளையும் தடவிப் பார்த்துவிட்டு, "மண்டோர், நான் பொறந்ததுல இருந்து துண்டே போட்டதில்லை லா!" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

சில நாளில் அவர் முன்பக்கமாக வருவதையும் அண்ணன் பார்த்தார். அப்போதும் நேரே சொல்லவில்லை. "நான் உருவுறேன், நீங்க அந்தப் பெட்டியைப் பாருங்க" என்று கட்டையைத் தானே போய் உருவினார். மண்டோர் நிற்க வேண்டிய இடம் அந்த நேரத்தில் காலியாகக் கிடக்கும். ஆறு மாதம் இப்படியே ஓடியது. வீட்டில் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணியிடம் மட்டும், "மாப்பிள்ளையைப் பார்த்துட்டு வந்தா எனக்குச் சோறு இறங்கலை" என்று சொல்லியிருக்கிறார். உடம்புக்குத்தான் ஏதோ என்று அண்ணி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாராம்.

எங்களுக்குத் தலை தீபாவளி வந்தது. அண்ணன் சிராங்கூன் சாலையில் மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்து வைத்திருந்தார். பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது, மழை விட்ட ஒரு மத்தியானம், நான்கு காத்தாடி விமானம் ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. அன்றைக்கு அண்ணன் தன் இடத்தில்தான் நின்றார். என் வீட்டுக்காரர் கட்டையை உருவினார், தூக்கிக் காட்டினார். பின்பக்கம் ஈரப் புகை சுழன்று அடித்தது. அவர் கண்ணில் அப்பிய மண்ணைத் துடைத்துக்கொண்டே, முன்பக்கமாகத் திரும்பி மெதுவாக எட்டு வைத்தார்.

அண்ணன் கத்தவில்லை. கத்திப் பயன் இல்லை என்று அவருக்குத் தெரியும். விமானத்தின் மூக்கைச் சுற்றி, காத்தாடி இன்னும் ஓடத் தொடங்காத மறுபக்க இறக்கைக்கு அடியில் ஓடி, வயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து, என் வீட்டுக்காரரின் முதுகுப் பக்கத்தில் எட்டிக் கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தார். அகப்பட்டது துண்டு. என் வீட்டுக்காரர் மல்லாந்து ஈரச் சிமெண்டில் விழுந்தார். துண்டு அண்ணன் கையிலிருந்து பறந்து காத்தாடிக்குள் போய்விட்டது. "துண்டு போனது எனக்குத் தெரியலை. திடீர்னு வெள்ளை வெள்ளையா பஞ்சு பறந்தது, அதைத்தான் பார்த்தேன்" என்பார் ஹசான். அண்ணன் என் வீட்டுக்காரரைக் காலைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். இறக்கையைத் தாண்டி வெளியே வந்ததும், அத்தனை பேர் முன்னால், கன்னத்தில் ஓர் அறை.

விமானம் காத்தாடிகளை நிறுத்தியது. அண்ணன் முழங்காலிட்டு, சிமெண்டில் கிடந்த துண்டின் கிழிசல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திடலில் ஒரு நூல் கிடக்கக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான். பொறுக்கி முடித்துவிட்டு நேரே, திடலுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரையின் ஆபீசுக்குப் போனார்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் முழங்கை தேய்ந்து, வாயை இறுக்கிக்கொண்டு வந்தார். "உங்க அண்ணன் என்னை அடிச்சான். அதோட விடாம துரைகிட்ட போய்ச் சொல்லி என்னைச் சரக்குக் கொட்டகைக்குத் தள்ளிட்டான். இனி அந்த வீட்டு வாசல் எனக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது." அவர் அண்ணனை 'அவன்' என்று சொன்னது அந்த ஒரு முறைதான். காத்தாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது பல நாள் கழித்து, மார்க்கெட்டில் எதிர்ப்பட்ட அண்ணி சொல்லித்தான் தெரியும்.

தலை தீபாவளிக்குப் போகவில்லை. அண்ணன் எடுத்த வேட்டி அவர் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. நான் மார்க்கெட்டுக்குப் போகும்போது அண்ணன் எதிரே வந்தால், அவரே சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று. நான் மாசமாக இருந்தது அவருக்குத் தெரியும். மாங்காய் யார் கையிலாவது வந்து சேரும். யார் கொடுத்தது என்று கொண்டுவந்தவர் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். ஒரு பக்கம் கூடப் பிறந்தவர், ஒரு பக்கம் கட்டியவர். எந்தப் பக்கம் பேசினாலும் ஒருவரை இழந்துவிடுவேன் என்று பயந்து, பேச்சுக்காரி என்று பேர் எடுத்த நான் அந்த வருடம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்து, காது குத்த நேரம் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவது? "மாமன் இல்லாத பிள்ளைக்கும் காது குத்தத்தானே செய்யுறாங்க" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

அந்த வாரத்தில் ஹசான் பிள்ளையைப் பார்க்க வந்தார், ஒரு தட்டு நிறைய அவர் மனைவி செய்த பலகாரத்தோடு. பேச்சுவாக்கில், "மண்டோருக்கு இன்னும் அந்தச் சிவப்புப் பட்டையைத் திரும்பக் கொடுக்கலை, பாவம்" என்றார்.

"என்னை அடிச்சதுக்குத்தானே பிடுங்கினாங்க? அது நியாயம்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஹசான் பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டார். "அடிச்சது துரைக்குத் தெரியவே தெரியாது. நாங்க யாரும் சொல்லலை. நான் அந்த ஆபீசுக்குள்ள நின்னவன். அவர் உங்களைப் பத்திப் புகார் சொல்லப் போகலை, தம்பி. தன்னைப் பத்திச் சொல்லத்தான் போனார்."

அண்ணன் மலாயில் துரையிடம் சொன்னதை ஹசான் எங்களுக்குச் சொன்னார். இதுதான் அது: "இவர் என் தங்கை புருஷன். காத்தாடிக்கு முன்னால் போனதை இதற்கு முன்பு மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் வாய் திறக்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் முதல் தடவையே திடலை விட்டு அனுப்பியிருப்பேன். மண்டோர் பார்க்காமல் விட்டால் கவனக்குறைவு என்று மன்னிக்கலாம். பார்த்தும் விட்டவனை மண்டோராக வைத்திருக்கக் கூடாது. அவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள். என் பட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டு அவரே அவிழ்த்து மேசையில் வைத்தாராம்.

என் வீட்டுக்காரர் ஹசானோடு தெருமுனை வரை நடந்து போய்விட்டு வந்தார். மறுநாள் வெற்றிலை பாக்கு பழத்தோடு என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். வழக்கப்படி தோளில் துண்டு. அண்ணன் கைலியோடு வாசலில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை."

"பிள்ளைக்குக் காது குத்துறோம். தாய்மாமன் மடி வேணும்."

"வர்றேன்."

இருவரும் வாசலிலேயே நின்றார்கள். அண்ணிதான், "வாசல்லயே நின்னா பிள்ளைக்கு வெயில் அடிக்குது, உள்ள வாங்க" என்றார். உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "துரைகிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மச்சான்?"

"உங்ககிட்ட சொல்ற தைரியம் இருந்திருந்தா, நான் துரைகிட்ட போயிருக்கவே வேண்டாமே."

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வீடு திரும்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மறந்தார் என்று நினைத்து நான் திரும்பிப் போகப் பார்த்தேன். "இருக்கட்டும்" என்றார்.

சில காலம் கழித்து அண்ணனுக்குப் பட்டை திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் தானாகவே கேட்டு அவர் கூட்டத்துக்கு மறுபடி போனார். அப்போது அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். திடலில் மஞ்சள் கோடு ஒன்று உண்டு. அதற்கு உள்ளே மச்சானும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, பெரியவர் சின்னவர் இல்லை. எல்லோருக்கும் பேர்தான். யார் தப்பாக நடந்தாலும் யார் வேண்டுமானாலும் கையைப் பிடித்து இழுக்கலாம், மண்டோரையும் சேர்த்து. வேலை முடிந்து கோட்டைத் தாண்டியதும் அண்ணன் நின்று, "மாப்பிள்ளை, வாங்க, கோப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்பாராம். கோட்டுக்கு உள்ளே அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே ஆளை, "டேய், கண்ணு எங்கடா இருக்கு?" என்று கேட்டிருப்பார். கூட்டத்தில் சேரும் நம் ஆட்களுக்கு இது முதலில் ஒத்துவராது. அவர்களுக்காகவே அந்தத் துண்டின் கிழிசல் ஒன்றைக் கொட்டகைக் கதவில் ஆணி அடித்து வைத்திருந்தார். "இது எங்க மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த மரியாதை" என்று காட்டுவார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார்.

ஜெட் விமானங்கள் வந்தன. காத்தாடி போய்விட்டது, இனி கவலையில்லை என்று சிலர் சொன்னார்கள். அண்ணன் ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முன்னால போனா உறிஞ்சுது, பின்னால போனா தூக்கி எறியுது. இத்தனை வருஷம் பின்பக்கமா போகச் சொல்லிக் கொடுத்ததை இனி மறக்கச் சொல்லிக் கொடுக்கணும்" என்றார். விமானம் இல்லாத நேரத்தில் சிமெண்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கூட்டத்தை அந்தக் கோட்டின் மேலேயே நடக்க வைத்தார். வெயிலில் இல்லாத விமானத்தைச் சுற்றி ஏழு பேர் நடப்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்களாம். அவருடைய கூட்டத்தில் கடைசி வரை ஒருவருக்கும் விரல் நகம்கூடப் போகவில்லை.

போனது அவருடைய காதுதான். இரைச்சலில் மந்தமாகிவிட்டது. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன பிறகு, அண்ணனும் அண்ணியும் சாம்பாரைப் பற்றிப் பேசினாலும் பக்கத்து வீட்டார் சண்டை என்று நினைப்பார்கள். சென்ற வருடம் நெஞ்சு வலி என்றார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து தினமும் நேரே அங்கே போவார். காது கேட்காதவரிடம் என்ன பேசுவது? திடலில் காட்டுகிற சைகைகளைக் காட்டிக்கொண்டிருப்பார்கள் இரண்டு பேரும். பத்தாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார். நாற்பத்தொரு வயது.

பாடை தூக்கும்போது என் வீட்டுக்காரரை முன்பக்கம் வரச் சொன்னார்கள். "நான் பின்னால வர்றேன்" என்றார். அன்றைக்கு மட்டும் ஒரு துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டார், மூங்கில் அழுத்தாமல் இருக்க. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நன்றி சொல்ல வேண்டும். ஒன்பது நாளும் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்து கொடுத்த மாடி வீட்டுச் சீனத்து அக்காவுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும், கூட்டமாக வந்து நின்ற திடல் ஆட்களுக்கும், அன்று லீவு எடுத்துச் சுடுகாடு வரை நடந்தே வந்த ஹசானுக்கும், இந்த மலரை அச்சிட உதவியவர்களுக்கும் அண்ணியும் பிள்ளைகளும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம்.

எழுதியதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று. முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு இடத்துல தப்பு இருக்கு" என்றார்.

"எங்கே?"

"மூணு தடவைன்னு எழுதியிருக்கே. மச்சான் பார்த்தது மூணு. அவர் பார்க்காதப்பவும் போயிருக்கேன். எத்தனைன்னு எனக்கே ஞாபகமில்லை. அதையும் போடு."

போட்டுவிட்டேன், அண்ணா.